லினக்ஸில் மாட் வரவில்லையா? ஆர்2மாட்மேன் கோளாறுகளைச் சரிசெய்யும் வரிசை

எங்கள் விளையாட்டுக் குழுவில் யாராவது விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தால், அந்த வாரமே எனக்கு ஒரு செய்தி வந்துவிடும்: "எல்லாம் போட்டாச்சு, மாட் ஒண்ணுகூட வரல." (மாட் என்றால் விளையாட்டை மாற்றவோ அதில் புதிது சேர்க்கவோ ரசிகர்கள் எழுதும் துணைநிரல்.) வால்ஹைம், லீத்தல் கம்பெனி, ரிஸ்க் ஆஃப் ரெயின் 2 என்று விளையாட்டின் பெயர் மாறும். கோளாறு பெரும்பாலும் அதேதான். திரும்பத் திரும்ப ஒரே பதிலைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டாதீர்கள்.

## முதலில்: நீங்கள் எந்த வழியில் இருக்கிறீர்கள்?

ஆர்2மாட்மேன் லினக்ஸிலேயே ஓடுகிற மாட் மேனேஜர். அதை ஓட்ட, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் எதுவும் வேண்டாம். ஆனால் அது லினக்ஸில் ஓடுகிறது என்பதற்காக விளையாட்டும் லினக்ஸ் பதிப்பாக இருக்க வேண்டியதில்லை. வால்ஹைமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. லீத்தல் கம்பெனிக்கும் ரிஸ்க் ஆஃப் ரெயின் 2-க்கும் கிடையாது. விளையாட்டுக் கடைச் செயலியான ஸ்டீம் அவற்றின் விண்டோஸ் பதிப்பை இறக்கி, வைன் மேல் கட்டிய ப்ரோட்டான் என்ற தன் கருவி வழியாக ஓட்டுகிறது. மாட்களை உள்ளே ஏற்றும் பெப்இன்எக்ஸ், இந்த இரண்டு வழிகளிலும் வெவ்வேறு கதவு வழியாக நுழைகிறது. ஒரு வழிக்கான மருந்தை மற்றொன்றுக்குப் போட்டால் எதுவும் நடக்காது. சில சமயம் இருப்பதும் கெடும்.

பார்ப்பது எளிது. ஸ்டீமில் விளையாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறங்கள். எக்ஸ்86_64 என்று முடியும் கோப்பு இருந்தால் லினக்ஸ் வழி. எக்ஸி கோப்பு இருந்தால் ப்ரோட்டான் வழி. வால்ஹைம் போல இரண்டும் சாத்தியமான விளையாட்டில், ப்ராப்பர்ட்டீஸுக்குள் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் ப்ரோட்டான் வழி. என்றோ ஒருநாள் சோதித்துப் பார்க்கப் போட்ட டிக் அங்கேயே கிடக்கும்.

## அடுத்து: லாக் கோப்பின் நேரம்

ஆர்2மாட்மேனின் செட்டிங்ஸில் ப்ரொஃபைல் (சேர்ந்து ஓடும் மாட்களின் ஒரு தொகுப்பு) ஃபோல்டரைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் பெப்இன்எக்ஸ் ஃபோல்டர், அதற்குள் லாக்அவுட்புட் என்ற கோப்பு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அப்புறம். முதலில் அது கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள்.

விளையாட்டைத் திறந்த நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தால், பெப்இன்எக்ஸ் எழுந்துவிட்டது. சிக்கல் ஏதோ ஒரு மாட்டில். நேரம் பழையதாக இருந்தாலோ, கோப்பே இல்லை என்றாலோ, பெப்இன்எக்ஸ் எழவே இல்லை. அந்த நிலையில் மாட்களை ஒவ்வொன்றாக நீக்கிப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. மாலை முழுவதும் அதைச் செய்துவிட்டு ராத்திரி என்னைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

## அறிகுறி 1: மேனேஜரே திறக்கவில்லை

மேனேஜரின் ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்புச் செயலி) கோப்பை இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. எதையும் மாற்றும் முன் அதை ஒருமுறை டெர்மினலில் இருந்து ஓட்டுங்கள். கடைசி இரண்டு மூன்று வரிகளிலேயே காரணம் தெரிந்துவிடும்.

அனுமதி இல்லை என்று வந்தால்: கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் இயக்க அனுமதியை டிக் செய்யுங்கள். அவ்வளவுதான்.

ஃபியூஸ் பற்றிப் பேசினால்: ஆப்இமேஜுக்குப் பழைய ஃபியூஸ் 2 நூலகம் வேண்டும். உபுண்டு 22.04 முதல் அது கூடவே வருவதில்லை. 22.04-இல் லிப்ஃபியூஸ்2, 24.04-இல் லிப்ஃபியூஸ்2டி64 என்ற பொதியை நிறுவுங்கள். வெறும் 'ஃபியூஸ்' என்ற பெயரில் இருக்கும் பொதியைத் தொடாதீர்கள். புதிய உபுண்டுவில் அது ஃபியூஸ் 3-ஐ வெளியே தள்ளும். கூடவே டெஸ்க்டாப்பின் சில பகுதிகளும் போய்விடலாம்.

சாண்ட்பாக்ஸ் (செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பாதுகாப்பு) பற்றிப் பேசினால்: உபுண்டு 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாடு இறுகியதால் வருவது. ஆர்2மாட்மேன் போல எலக்ட்ரான் என்ற கருவியில் கட்டிய செயலிகள் பலவும் இதில் மாட்டுகின்றன. சாண்ட்பாக்ஸை அணைத்து ஓட்டச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். ஓடும்தான், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆப்இமேஜை விட்டுவிட்டு டெப் என்ற நிறுவல் கோப்பை நிறுவுங்கள். ஃபெடோரா என்றால் ஆர்பிஎம், ஆர்ச் என்றால் ஏயூஆர். ஃபியூஸ் தலைவலியும் அதோடு தீரும்.

எது நடந்தாலும் சூடோ (ரூட், அதாவது நிர்வாகி உரிமை) போட்டு மட்டும் திறக்காதீர்கள். ரூட் உரிமையில் உருவான ப்ரொஃபைல் கோப்புகளை அதன்பின் உங்கள் சாதாரணக் கணக்கால் மாற்ற முடியாது. "மாட் நிறுவ முடியவில்லை" என்ற புதுக் கோளாறு அங்கிருந்துதான் பிறக்கிறது.

## அறிகுறி 2: மேனேஜர் திறக்கிறது, விளையாட்டைக் கண்டுபிடிக்கவில்லை

ஸ்டீமை எப்படி நிறுவினீர்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையின்) சொந்தப் பொதியாகவோ ஸ்டீமின் நிறுவனமான வால்வ் தரும் டெப் ஆகவோ நிறுவியிருந்தால், விளையாட்டு இன்னொரு டிஸ்க்கில் இருப்பதுதான் வழக்கமான காரணம். செட்டிங்ஸில் ஸ்டீம் ஃபோல்டருக்கு ஓர் இடமும் விளையாட்டு ஃபோல்டருக்குத் தனியாக ஓர் இடமும் இருக்கின்றன. இரண்டையும் கையால் காட்டுங்கள். ஸ்டீம் ஃபோல்டர் மறைந்திருக்கும். கோப்புத் தேர்வுப் பெட்டியில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் தெரியும்.

ஃப்ளாட்பேக் (செயலியைத் தனிப்பெட்டியில் அடைத்து நிறுவும் முறை) ஸ்டீம் என்றால் ஃபோல்டர் வேறு இடத்தில், வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'வார்' என்பதற்குள் இருக்கும். அதைக் காட்டினால் மேனேஜர் விளையாட்டைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் எதிர்ப்பக்கம் சிக்கல் பாக்கி இருக்கிறது: ஃப்ளாட்பேக்குக்குள் அடைபட்ட ஸ்டீமால் உங்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரைப் பார்க்க முடியாது. ஃப்ளாட்சீல் செயலியில் ஸ்டீமைத் தேர்ந்தெடுத்து, ஆர்2மாட்மேனின் ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்து, ஸ்டீமை முழுவதுமாக மூடித் திறங்கள்.

ஸ்னாப் ஸ்டீமிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசமாக. மாட் போட்டு விளையாடுவது என்று முடிவு செய்துவிட்டால், ஃப்ளாட்பேக்கையும் ஸ்னாப்பையும் விட்டுவிட்டு ஸ்டீமைச் சாதாரணப் பொதியாக நிறுவுவதே நல்லது. ஒருமுறை இறக்கும் டேட்டா செலவு, அவ்வளவுதான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அனுமதியோடு மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

## அறிகுறி 3: விளையாட்டு திறக்கிறது, மாட் ஒன்றுகூட இல்லை

வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். லாக் கோப்பின் நேரம் பழையதுதான் என்று உறுதி செய்துகொண்டீர்களா? சரி.

### இரண்டு வழிக்கும் பொதுவானவை

ஸ்டீமில் ப்ளே பொத்தானை அழுத்தியிருந்தால் மாட் வராது. மேனேஜரில் உள்ள 'ஸ்டார்ட் மாடட்' பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அதை அழுத்தும்போது ஸ்டீம் ஏற்கெனவே திறந்து, உள்நுழைந்த நிலையில் இருக்கட்டும்.

ப்ரொஃபைலில் பெப்இன்எக்ஸ் பொதி இருக்கிறதா, அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வேறு ப்ரொஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறவர்களும் உண்டு.

### லினக்ஸ் வழி என்றால்

இந்த வழியில் ஸ்டீம் நேராக விளையாட்டைத் திறக்காமல், நடுவில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வழியாகத் திறக்க வேண்டும். அதற்கான வரியை ஆர்2மாட்மேனே காட்டும். அதை நகலெடுத்து, ஸ்டீமில் விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஒட்ட வேண்டும். இந்த ஒரு வரியில் எத்தனை விதமாகத் தவறலாம் என்று பாருங்கள்:

- வரியே இல்லை. மேனேஜர் காட்டிய பெட்டியைப் படிக்காமல் மூடியிருப்பார்கள்.
- வரியின் கடைசியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'கமாண்ட்' என்று வரும் பகுதி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் எந்த விளையாட்டைத் திறப்பது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.
- மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். நண்பர் தன் வரியை வாட்ஸ்அப்பிலோ வேறு குறிப்புச் செயலியிலோ அனுப்பியிருப்பார். வழியில் ஏதோ ஒரு செயலி நேர்க்குறியை அழகான வளைகுறியாக மாற்றியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஸ்டீமுக்குத் தெரியாது. அழித்துவிட்டு விசைப்பலகையிலேயே தட்டுங்கள்.
- நண்பரின் வரியை அப்படியே ஒட்டியதால் அதில் அவருடைய பயனர் பெயர் இருக்கும்.

வரி சரி என்றால் அந்த ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரொஃபைலை வேறு கணினியிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்திருந்தால் அந்த அனுமதி வழியிலேயே உதிர்ந்திருக்கும்.

### ப்ரோட்டான் வழி என்றால்

இங்கே பெப்இன்எக்ஸ், வின்எச்டிடிபி (winhttp) என்ற டிஎல்எல், அதாவது விண்டோஸ் நூலகக் கோப்பாக வேடம் போட்டு நுழைகிறது. வைனிடம் அதே பெயரில் சொந்தக் கோப்பு ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வந்ததை முதலில் எடு என்று சொல்லாவிட்டால் அது தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். ஆர்2மாட்மேன் இந்த மாற்றத்தைத் தானாகவே செய்ய முயலும். அதற்கு ப்ரோட்டான் ஃபோல்டர் (அந்த விளையாட்டுக்கென்று ப்ரோட்டான் உருவாக்கும் தனி ஃபோல்டர்) முன்பே உருவாகியிருக்க வேண்டும். அதனால் புதிதாக நிறுவிய விளையாட்டை முதலில் ஒருமுறை மாட் இல்லாமல் ஸ்டீமிலிருந்து திறந்து, முகப்புப் பக்கம் வரை போய், மூடுங்கள். அப்புறம் மேனேஜருக்கு வாருங்கள். பாதிப் பேருக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால் கையால் செய்யலாம். ப்ரோட்டான்ட்ரிக்ஸ் நிறுவி, விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, வைன் கான்ஃபிக் சாளரத்தைத் திறங்கள். லைப்ரரீஸ் பக்கத்தில் வின்எச்டிடிபி என்று ஆங்கிலத்தில் தட்டிச் சேர்த்து, 'நேட்டிவ், அப்புறம் பில்ட்-இன்' என்ற வரிசையைத் தேர்ந்தெடுங்கள். ப்ரோட்டான் ஃபோல்டரை எப்போதாவது அழித்தால் இந்த மாற்றமும் கூடவே போய்விடும்.

### வழி மாறியிருந்தால்

வால்ஹைமை லினக்ஸ் வழியில் ஓட்டிவிட்டு ப்ரோட்டானுக்கு மாற்றியவர்கள், பழைய லாஞ்ச் ஆப்ஷன் வரியை அழிக்க மறந்துவிடுகிறார்கள். ப்ரோட்டானுக்கு அந்த ஸ்கிரிப்ட் தேவையில்லை. பெட்டியைக் காலி செய்யுங்கள்.

இதெல்லாம் செய்தும் லாக் அசையவில்லையா? புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, அதில் பெப்இன்எக்ஸை மட்டும் போட்டுத் திறங்கள். அதிலும் அசையாவிட்டால் இது உங்கள் கையில் தீராது. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 4: சில மாட் மட்டும் வரவில்லை, அல்லது வந்தும் கோணலாக இருக்கிறது

லாக் கோப்பைத் திறந்து பிழை என்று குறித்த வரிகளில் முதலாவதைப் பாருங்கள், கடைசியை அல்ல. பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் பிழையின் வால்.

சார்பு மாட் இல்லை என்று இருந்தால்: அந்த வரியிலேயே பெயர் இருக்கும். நிறுவுங்கள், அல்லது அணைந்திருந்தால் இயக்குங்கள்.

கோப்பு கிடைக்கவில்லை என்று இருந்தால், அதுவும் லினக்ஸ் வழியில்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. மாட்டை எழுதியவர் நிரலில் ஒரு மாதிரியும் கோப்பின் பெயரில் வேறு மாதிரியும் வைத்திருந்தால் அவர் கணினியில் அது தெரியவே தெரியாது. கோப்பின் பெயரை மாற்றினால் ஓடும். ஆனால் அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும், ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ப்ரோட்டான் வழியில் வைன் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதால் அங்கே வருவதில்லை.

டிஎல்எல் கிடைக்கவில்லை என்று இருந்தால், லினக்ஸ் வழியில்: அந்த மாட் விண்டோஸுக்கென்றே எழுதிய நூலகம் ஒன்றைக் கூப்பிடுகிறது. லினக்ஸ் வழியில் அது ஓடாது.

பொருள்கள் பளீரென்ற இளஞ்சிவப்பில் தெரிந்தால்: வால்ஹைமில் புது வீட்டுப் பொருள்கள், ஆயுதங்கள் சேர்க்கும் மாட்களில் வரும். வடிவம் சரியாக இருக்கும், மேலே வண்ணம் மட்டும் வாடாமல்லிபோல அடித்துக்கொண்டு நிற்கும். பொருளை வரையும் ஷேடர் விண்டோஸின் டைரக்ட்3டிக்கு மட்டும் தொகுக்கப்பட்டிருப்பதே காரணம். கிராஃபிக்ஸ் அட்டையைச் சந்தேகப்பட வேண்டாம், டிரைவரை மாற்ற வேண்டாம். ப்ரோட்டானுக்கு மாறினால் போய்விடும்.

கடைசி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கருத்து புரிந்திருக்கும். லினக்ஸ் பதிப்பு இருக்கும் விளையாட்டாகவே இருந்தாலும், விண்டோஸ் நண்பர்களோடு நிறைய மாட் போட்டு ஆடுவதென்றால் நான் ப்ரோட்டானைத்தான் சொல்வேன். நாலைந்து சின்ன மாட் மட்டும்தான் என்றால் லினக்ஸ் பதிப்பே போதும்.

லாக்கில் எதுவும் தெளிவாக இல்லை என்றால், மாட்களில் பாதியை அணைத்துவிட்டுத் திறங்கள். கோளாறு போய்விட்டால் அது அணைத்த பாதியில், போகவில்லை என்றால் மீதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். மாட் எத்தனை இருந்தாலும் சீக்கிரம் ஒன்றில் வந்து நிற்கும்.

## அறிகுறி 5: திறந்ததும் மூடிக்கொள்கிறது, அல்லது கருப்புத் திரை

முதல் வேலை, 'ஸ்டார்ட் வெனிலா' பொத்தானை அழுத்துவது.

மாட் இல்லாமல் நன்றாக ஓடினால்: விளையாட்டு அண்மையில் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் மாட்கள் இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் பொறுங்கள். அடுத்து, லாஞ்ச் ஆப்ஷனில் எஃப்பிஎஸ் காட்டும் மேங்கோஹட், கேம்மோட் மாதிரி வேறு ஏதாவது சேர்த்திருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். அதன்பின் மேலே சொன்ன பாதிப்பாதி முறை.

மாட் இல்லாமலும் விழுந்தால், மேனேஜருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வரிசையில் போங்கள்: ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்த்தல், வேறு ப்ரோட்டான் பதிப்பு, கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட்.

அப்புறம் ஒன்று. விளையாட்டு விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்கிறதா? ப்ரோட்டான் தன் ஃபோல்டருக்குள் 'சி' என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் இணைப்புகளை உருவாக்குகிறது. விண்டோஸ் அப்படிப்பட்ட பெயரை ஏற்காது; டிரைவே பழுதானதாகக் காட்டக்கூடும். டிஸ்க்கில் இடம் மிச்சம் என்று இரண்டுக்கும் பொதுவாக வைத்திருப்பவர்கள், விளையாட்டை லினக்ஸின் எக்ஸ்டி4 பார்ட்டிஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

இதற்கும் பிறகுதான் ப்ரோட்டான் ஃபோல்டரை அழித்துப் புதிதாக உருவாக்குவது. அதற்கு முன் சேமிப்புக் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். வால்ஹைம், லீத்தல் கம்பெனி போன்றவற்றில் அவை அந்த ஃபோல்டருக்குள்தான், ஆப்டேட்டாவின் லோக்கல்லோ என்ற இடத்தில் இருக்கின்றன. மேனேஜர் செட்டிங்ஸில் விளையாட்டு நிறுவலை ரீசெட் செய்யும் பொத்தானும் இருக்கிறது. அது விளையாட்டுக் கோப்புகளை அழித்து ஸ்டீமிடம் மறுபடி இறக்கச் சொல்லும். டேட்டா பேக்கில் இருப்பவர்கள் கடைசியாக அழுத்துங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: மாட்டே இல்லாத வேறு விளையாட்டுகளும் இதே மாதிரி விழுகின்றன, அல்லது கணினியின் சிஸ்டம் லாக்கில் டிஸ்க் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழைகள் வரிசையாக வருகின்றன, அல்லது விளையாடும்போது இயந்திரமே தானாக அணைந்து எழுகிறது. இது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு இல்லை. சேமிப்புகளை வெளியே எடுத்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் டிஸ்க், ராம், பவர் சப்ளை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 6: தனியாக ஓடுகிறது, நண்பரோடு சேர முடியவில்லை

நீங்கள் லினக்ஸ், அவர் விண்டோஸ் என்பது காரணமாக இருப்பது அபூர்வம். வால்ஹைமில் இருவரும் ஒரே சர்வரில் தாராளமாக ஆடலாம். 'பதிப்பு பொருந்தவில்லை' என்று வந்தால் விளையாட்டின் பதிப்போ ஏதோ ஒரு மாட்டின் பதிப்போதான் வேறு. ஒருவர் பீட்டா கிளையில் (சோதனைப் பதிப்பில்) இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

மாட் பட்டியலை ஒவ்வொன்றாக ஒப்பிட உட்காராதீர்கள். சர்வர் வைத்திருப்பவர் தன் ப்ரொஃபைலைக் குறியீடாக ஏற்றுமதி செய்து அனுப்பட்டும்; நீங்கள் அதைப் புதிய ப்ரொஃபைலாக இறக்குமதி செய்யுங்கள். மாட், பதிப்பு, கான்ஃபிக் எல்லாம் சேர்ந்தே வரும். பழைய ப்ரொஃபைலுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

## அறிகுறி 7: என் உலகத்தைக் காணவில்லை!

வால்ஹைமில் வழி மாறியவர்களுக்கு வரும் பயம். உலகம் எங்கும் போகவில்லை. லினக்ஸ் பதிப்பு தன் சேமிப்பை வீட்டு ஃபோல்டரின் மறைந்த கான்ஃபிக்குக்குள் யூனிட்டி3டி, அதற்குள் அயர்ன்கேட், அதற்குள் வால்ஹைம் என்று வைக்கிறது. ப்ரோட்டான் தன் ஃபோல்டருக்குள், லோக்கல்லோவின் அயர்ன்கேட்டில் வைக்கிறது. உள்ளூரில் சேமித்த உலகங்களையும் பாத்திரங்களையும் வைத்திருக்கும் இரண்டு ஃபோல்டர்களை ஓரிடத்திலிருந்து மற்றதற்கு நகலெடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், நகலெடுங்கள். ஸ்டீம் கிளவுடில் சேமித்தவர்களுக்கு இந்த வேலை இல்லை.

## அறிகுறி 8: தண்டர்ஸ்டோர் பக்கத்தில் நிறுவும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

தண்டர்ஸ்டோர் என்பது மேனேஜர் மாட்களை எடுக்கும் இணையதளம். இந்தக் கோளாறு ஆப்இமேஜாக ஓட்டுகிறவர்களுக்கு வருவது. அந்த இணைப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று டெஸ்க்டாப்புக்குத் தெரியவில்லை. டெப், ஆர்பிஎம் நிறுவினால் தானே சரியாகும். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை: மேனேஜருக்குள் ஆன்லைன் பக்கத்தில் அதே மாட்டைத் தேடினால் கிடைக்கும்.

## யாரிடம் கேட்பது, எதைக் கொடுத்துக் கேட்பது

லாக்கின் முதல் பிழையில் ஒரு மாட்டின் பெயர் இருந்தால் அந்த மாட்டின் ஆசிரியரிடம். பெப்இன்எக்ஸ் மட்டும் போட்ட வெறும் ப்ரொஃபைலிலும் எழவில்லை, விளையாட்டைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஆர்2மாட்மேனின் கிட்ஹப் பக்கத்தில். மாட் இல்லாமலே விழுகிற விண்டோஸ் பதிப்பு என்றால் ப்ரோட்டானின் கிட்ஹப் பக்கத்தில், அந்த விளையாட்டுக்கென்று ஏற்கெனவே இருக்கும் பதிவின் கீழ். ப்ரோட்டான்காரர்களிடம் மாட் போட்ட லாக்கைக் கொண்டுபோகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கூடவே கொடுக்க வேண்டியவை: டிஸ்ட்ரோவும் அதன் பதிப்பும், ஸ்டீம் சாதாரணப் பொதியா ஃப்ளாட்பேக்கா, லினக்ஸ் வழியா ப்ரோட்டானா, ப்ரோட்டான் என்றால் எந்தப் பதிப்பு, லாஞ்ச் ஆப்ஷன் பெட்டியில் இருப்பது அப்படியே. லாக் கோப்பை முழுதாக இணையுங்கள். திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால் யாராலும் அதில் தேட முடியாது. லாக்கில் வீட்டு ஃபோல்டரின் பெயர் வரக்கூடும். உங்கள் முழுப்பெயரையே பயனர் பெயராக வைத்திருந்தால் அனுப்பும் முன் மாற்றிவிடுங்கள்.